யுகுலேலேயில் கம்பி அறுந்தால்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

கிட்டாரைப் போன்ற சிறிய நான்கு கம்பி வாத்தியமான யுகுலேலேயில் கம்பி அறுந்தவுடன் பலரும் செய்கிற முதல் காரியம், தொங்கிக்கொண்டிருக்கும் இரண்டு துண்டுகளையும் பிய்த்துக் குப்பைக் கூடையில் எறிவதுதான். அதைச் செய்யாதீர்கள் என்று சொல்வதற்காகவே இதை எழுதத் தொடங்கினேன். கம்பி எந்த இடத்தில் அறுந்தது, அறுந்த முனை எப்படி இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்தால் கோளாறு எங்கே இருக்கிறது என்பது முக்கால்வாசி தெரிந்துவிடும். பார்க்காமல் புதுக் கம்பியை மாட்டினால், அது அதே இடத்தில் மறுபடியும் அறுவதற்கும் சேர்த்து நாமே காசு கொடுத்தவர்களாவோம்.

சென்ற கோடை விடுமுறையில் சென்னிமலையிலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பையன் ஒருவன், “மாமா, மறுபடியும் அறுந்து போச்சுங்க, நான் ஒண்ணுமே பண்ணலீங்க” என்று கண்ணில் நீர் தளும்ப யுகுலேலேயை என்னிடம் நீட்டினான். முதல் கம்பி இரண்டு மாதத்தில் மூன்றாவது முறையாக அறுந்திருந்தது. முரட்டுத்தனமாக வாசிக்கிறான் என்று வீட்டில் அவனைத் திட்டியிருக்கிறார்கள். நல்லவேளையாக, அறுந்த துண்டுகள் எதற்காவது உதவும் என்று அவனுடைய அம்மாயி மூன்று முறையும் எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அவற்றை மேசைமேல் வரிசையாகக் கிடத்திப் பார்த்தபோது, மூன்றும், கம்பியின் மேல்முனையைச் சுற்றி இறுக்கும் முறுக்காணியில் சுற்றியிருந்த பகுதியில், துளைக்குள் நுழைகிற அதே வளைவில் அறுந்திருந்தன. மூன்றின் முனையும் கத்தியால் சீவியதுபோல் சாய்வாக இருந்தது. பையன்மேல் குற்றமில்லை. முறுக்காணித் தண்டில் துளையிட்டபோது விளிம்பில் நின்றுபோன பிசிர் ஒன்று, ஒவ்வொரு கம்பியையும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பிசிர் கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தடவியபோதும் உறைக்கவில்லை. காட்டிக்கொடுத்தது பஞ்சு. ஒரு சிட்டிகைப் பஞ்சை மெல்லிய திரியாக உருட்டித் துளையின் வழியாக இழுத்தால், வழவழப்பான விளிம்பில் அது தடையின்றி வந்துவிடும். பிசிர் இருக்கும் இடத்தில் இரண்டு மூன்று இழைகளாவது மாட்டிக்கொண்டு நிற்கும். பஞ்சுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரில் இதைவிட மலிவான சோதனைக் கருவி கிடையாது. கீழே வரும் சில அறிகுறிகளுக்கு இந்தப் பஞ்சு மறுபடியும் தேவைப்படும் என்பதால் அதைக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்களும் சுருதியும்

வீணையில் வழங்கும் சொற்களை இங்கும் பயன்படுத்துகிறேன். விரல் பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள் மெட்டுகள். கம்பியின் கீழ்முனையைக் கட்டும் மரத்துண்டு குதிரை. மேல்முனையைச் சுற்றி முறுக்குவது முறுக்காணி, வீணைக்காரர்கள் பிரடை என்பது. தலைப்பகுதி தொடங்கும் இடத்தில் நான்கு வெட்டுகளோடு இருக்கும் சிறு பட்டையை நட் என்றும், குதிரையின்மேல் கம்பி ஏறிச் செல்லும் மெல்லிய பட்டையைச் சாடில் என்றும் கடைகளில் சொல்வதால் அப்படியே எழுதுகிறேன்.

வாசிப்பவர் மடியில் வைத்துக் குனிந்து பார்க்கும்போது தரையை நோக்கிக் கீழே இருப்பது முதல் கம்பி, மோவாய்ப் பக்கம் இருப்பது நான்காவது. மோவாய்ப் பக்கத்திலிருந்து எண்ணினால் சுருதி ஜி, சி, இ, ஏ. கட்டைக் கணக்கில் பழகியவர்களுக்கு இது 5 கட்டை, 1 கட்டை, 3 கட்டை, 6 கட்டை. ஒரு கட்டையை ஸட்ஜமாக வைத்தால் நான்கு கம்பிகளும் ப, ஸ, க, த என்று பாடும். காந்தாரம் அந்தர காந்தாரம், தைவதம் சதுச்ருதி தைவதம். இங்கே கவனிக்க வேண்டியது, நான்காவது கம்பியின் பஞ்சமம் ஸட்ஜத்துக்குக் கீழே இருக்கும் மந்த்ர பஞ்சமம் கிடையாது, அதற்கு மேலே உள்ளது. கிட்டாரிலிருந்து வருகிறவர்கள் தடுமாறுவதும், தேவையில்லாமல் கம்பியை அறுப்பதும் இந்த ஒரு விஷயத்தில்தான். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

அறிகுறி: முறுக்காணிக்கு அருகில் அறுகிறது

மேலே சொன்ன பிசிர்தான் பெரும்பாலும் காரணம். இரண்டாயிரம் எண் கொண்ட மிக மெல்லிய உப்புத்தாளில் ஒரு துண்டை வெட்டி, பீடி சுற்றுவதுபோல் இறுக்கமாகச் சுருட்டித் துளைக்குள் விட்டு, இரு பக்க விளிம்பிலும் பத்துப் பதினைந்து முறை திருகினால் போதும். பிறகு பஞ்சுத் திரியை மீண்டும் இழுத்துப் பாருங்கள். துளை மிகச் சிறியதாக இருந்தால், தடித்த தையல் நூலைத் துளையில் கோத்து, நூலின்மேல் பல் துலக்கும் பசையைத் தடவி முன்னும் பின்னும் இழுக்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் வேலை சுத்தமாக இருக்கும்.

பிசிர் எதுவும் இல்லாமலேயே இங்கு அறுந்தால் சுற்றிய விதத்தைப் பாருங்கள். கம்பி தன்மேல் தானே ஏறிக் குறுக்காகச் சுற்றப்பட்டிருந்தால், மேலே இருக்கும் சுற்று கீழே இருப்பதை நசுக்கும். ஆறேழு சுற்றுகள் வரை மொத்தமாகச் சுற்றித் தண்டை நிரப்பியிருப்பதைப் பல வாத்தியங்களில் பார்க்கிறேன். இரண்டரைச் சுற்றுக்குமேல் தேவையில்லை.

அறிகுறி: நட்டில் அறுகிறது, அல்லது முறுக்கும்போது ‘டிக்’ என்ற ஓசை கேட்கிறது

இவை இரண்டும் ஒரே நோயின் இரண்டு நிலைகள். நட்டின் வெட்டு கம்பியின் பருமனைவிடக் குறுகலாக இருந்தால், கம்பி அதில் வழுக்கிச் செல்லாமல் பிடித்துக்கொள்கிறது. நாம் முறுக்காணியைத் திருகத் திருக இழுவை முழுவதும் நட்டுக்கு மேற்பக்கம் சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் ‘டிக்’ என்று விடுபட்டுச் சுருதி சட்டென்று தாண்டிவிடும். அப்படித் தாண்டிய கம்பியை இறக்கி, மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கி என்று போராடுகையில், நட்டின் விளிம்பில் தேய்ந்துகொண்டிருந்த இடம் அறுந்துபோகிறது.

ஓசை மட்டும் வருகிற நிலையில், நன்றாகக் கூராக்கிய பென்சிலால் வெட்டுக்குள் நான்கைந்து முறை கோடிழுத்தாலே கம்பி வழுக்கத் தொடங்கும். பென்சில் கரியே அங்கு எண்ணெயின் வேலையைச் செய்கிறது. உண்மையான எண்ணெயை, குறிப்பாகச் சமையலறைத் தேங்காய் எண்ணெயை அங்கே விடாதீர்கள். அது மரத்துக்குள் இறங்கிக் கறையாகும். தூசியையும் சேர்த்துப் பிடித்துவைக்கும்.

கம்பி அறுந்தே விட்டது என்றால் வெட்டைச் சற்று அகலப்படுத்த வேண்டும். 600 எண் உப்புத்தாளை மடித்து, அதன் மடிப்பு வெட்டுக்குள் நுழையும்படி வைத்து, தலைப்பகுதியை நோக்கிச் சற்றுச் சாய்வாக மூன்று நான்கு முறை மட்டும் இழுங்கள். பக்கச் சுவர்களைத்தான் தேய்க்க வேண்டும், அடியைத் தேய்க்கக் கூடாது. அடி ஒரு மயிரிழை ஆழமாகிவிட்டால் கம்பி முதல் மெட்டில் உரசிக் கரகரக்கத் தொடங்கும். அதன்பின் நட்டையே மாற்ற வேண்டியிருக்கும். எவ்வளவு தேய்ப்பது என்ற சந்தேகம் வந்தால் குறைவாகத் தேய்த்துவிட்டுக் கம்பியை வைத்துப் பாருங்கள்.

அறிகுறி: சாடிலில் அறுகிறது

சாடிலின் மேல்விளிம்பு கூராக இருந்தால் இப்படி நடக்கும். அங்கே கம்பி சட்டென்று வளைந்து கீழே இறங்குவதால், விளிம்பு சற்று உருண்டையாக இருக்க வேண்டும். கம்பிகளைத் தளர்த்தியபின் பெரும்பாலான சாடில்கள் கையோடு வந்துவிடும், ஏனென்றால் அவற்றைப் பள்ளத்தில் அழுத்தித்தான் வைத்திருப்பார்கள். எடுக்குமுன் எந்த முனை எந்தப் பக்கம் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, மேல்விளிம்பை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்து உருட்டிவிட்டுத் திரும்ப வையுங்கள். பசை போட்டு ஒட்டாதீர்கள்.

சாடிலுக்குப் பின்னால், முடிச்சுக்கு நெருக்கமாக அறுந்திருந்தால் ஒரு சிறு ஆறுதல் உண்டு: முறுக்காணியில் நான்கைந்து சுற்றுகள் மிச்சம் இருக்குமானால், அதை அவிழ்த்துக் கம்பியைக் கீழே இறக்கி மறுபடி குதிரையில் கட்டி, புதுக் கம்பி வரும்வரை ஒப்பேற்றலாம். இரண்டு துண்டுகளை முடிச்சுப் போட்டு இணைப்பது மட்டும் உதவாது. தறியில் இழை அறுந்தால் முடிச்சிட்டு ஓட்டிவிடுவோம்; இங்கே முடிச்சு மெட்டுக்கு மேலே வந்து நிற்கும், நாதமும் செத்துப்போகும்.

அறிகுறி: நடுவில் அறுகிறது, அல்லது சுருதிக்கு வருமுன்பே அறுகிறது

நடுவில் அறுவது அபூர்வம். மெட்டுகளின்மேல் பஞ்சை ஒருமுறை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். எங்காவது மாட்டினால் அந்த மெட்டில் வடு இருக்கிறது. எதுவும் மாட்டவில்லை என்றால் கம்பி தாங்கக்கூடியதைவிட அதிகமாக முறுக்கப்பட்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இது எப்படி நடக்கிறது என்பதை விளக்க வேண்டும். தொலைபேசியில் இருக்கும் சுருதி காட்டும் செயலி ‘சி’ என்று எழுத்தைக் காட்டும். எந்த ஸ்தாயியின் ‘சி’ என்பதைச் சில செயலிகள் சிறிய எண்ணாக ஓரத்தில் மட்டுமே காட்டும். புதுக் கம்பி தொளதொளவென்று இருக்கும் நிலையில் கீழ் ஸ்தாயியின் எழுத்து வந்ததும் நிறுத்திவிட்டு, “கம்பி தளர்ந்திருக்கிறதே” என்று குழம்புகிறவர்கள் ஒரு வகை. சரியான இடத்தைத் தாண்டியது தெரியாமல் அடுத்த ஸ்தாயியைத் தேடி ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் இன்னொரு வகை. இவர்களுடைய கம்பிதான் பட்டென்று முகத்துக்கு நேராக அறும். எண்ணால் சொன்னால் முதல் கம்பி 440 ஹெர்ட்ஸ், இரண்டாவது ஏறத்தாழ 330, மூன்றாவது 262, நான்காவது 392. மின்சுருதிப் பெட்டி இருக்கும் வீட்டில் அதை ஒரு கட்டையில் வைத்தால் மூன்றாவது கம்பிக்கு ஸட்ஜமும் நான்காவதற்குப் பஞ்சமமும் கிடைத்துவிடும். மற்ற இரண்டையும் ஆர்மோனியத்தில் சரிபார்க்கலாம். காது ஒருமுறை பழகிவிட்டால் செயலியின் தவறு உடனே பிடிபடும்.

நான்காவது கம்பிக்கு வருகிறேன். ‘லோ ஜி’ என்று விற்கும் தொகுதியில் நான்காவது கம்பி தடிப்பானது. அது 196 ஹெர்ட்ஸில், அதாவது ஒரு ஸ்தாயி கீழே நிற்பதற்காகச் செய்யப்பட்டது. அதை வழக்கமான மேல் பஞ்சமத்துக்கு ஏற்றினால் கம்பி அறும், அறாவிட்டால் குதிரை பெயரும். உறையைப் படித்து வாங்குங்கள்; உறை தொலைந்திருந்தால், நான்காவது கம்பி மூன்றாவதைவிடத் தடிப்பாக இருக்கிறதா என்று விரலில் உருட்டிப் பாருங்கள். தடிப்பாக இருந்தால் அது கீழ் பஞ்சமத்துக்கானது.

தறி ஓடும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே தொலைபேசியின் ஒலிவாங்கி எதையாவது கேட்டு எதையாவது காட்டும். தலைப்பகுதியில் கவ்வி வைக்கும் கிளிப் டியூனர் காற்றில் வரும் ஒலியைவிட மரத்தின் அதிர்வையே உணர்வதால், தறிச் சத்தத்திலும் ஒழுங்காக வேலை செய்யும்.

கடையில் என்ன கேட்டு வாங்குவது

நாம் எல்லாவற்றையும் கம்பி என்று சொல்கிறோம், நானும் இதுவரை அப்படித்தான் எழுதிவந்தேன். அந்தச் சொல்லால் ஒருமுறை எனக்கு நட்டம் வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் “யுகுலேலேக்குக் கம்பி” என்று கேட்டபோது, கடைக்காரர் மெல்லிய இரும்புக் கம்பித் தொகுதி ஒன்றைக் கொடுத்தார். நானும் கேள்வி கேட்காமல் மாட்டினேன். ஓசை கணீரென்று இருந்தது. பத்தாம் நாள் குதிரையின் பின்விளிம்புக்கும் பலகைக்கும் நடுவே ஒரு தபால்தலை நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. இரும்புக் கம்பிக்கு இழுவை அதிகம். யுகுலேலேயின் பலகை அதைத் தாங்குவதற்காக அமைக்கப்பட்டது கிடையாது. மதேரா தீவிலிருந்து 1879இல் ஹவாய்க்குக் கப்பலேறிய போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்த சிறு வாத்தியத்திலிருந்து இது பிறந்தபோது, இதில் கட்டியது விலங்குக் குடலில் முறுக்கிய நரம்பு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அதன் இடத்தை நைலான் பிடித்தது. பலகை மெல்லியதாக இருப்பதும் நாதம் இனிமையாக இருப்பதும் அந்த மென்மையான இழுவையை நம்பித்தான். ஆகவே கடையில் நைலான் அல்லது ஃபுளோரோகார்பன் என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், ஃபுளோரோகார்பன் அடர்த்தி கூடிய பொருள் என்பதால் அதே சுருதிக்கு நைலானைவிட மெல்லியதாக இருக்கும், ஓசை தெளிவாக வரும், ஈரப்பதத்துக்கும் அவ்வளவாக அசையாது. குழந்தைகளின் விரலுக்கு நைலான் மென்மையாக இருக்கும். பழகும் பிள்ளைக்கு நான் நைலானையே வாங்குவேன். தூண்டில் போடுகிறவர்கள் வீட்டில் ஃபுளோரோகார்பன் நரம்பு இருந்தால், பருமன் ஒத்துவரும் துண்டை அவசரத்துக்குக் கட்டலாம், பொருள் ஒன்றுதான்.

அளவைத் தெரிந்துகொள்ளத் தையல்காரரின் இஞ்ச் டேப் போதும். நட்டிலிருந்து சாடில்வரை அளந்தால் ஏறத்தாழ 13 முதல் 14 அங்குலம் வரை சோப்ரானோ, 15 அங்குலம் கன்சர்ட், 17 அங்குலம் டெனார். 19 அங்குலத்தைத் தாண்டினால் அது பாரிடோன். அதற்குச் சுருதியே வேறு என்பதால் மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது.

ஒன்று அறுந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாமா என்ற கேள்விக்கு என் பதில், மற்ற மூன்றும் எவ்வளவு பழையவை என்பதைப் பொறுத்தது. அவற்றின் அடிப்பக்கத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். மெட்டுக்கு நேரே பள்ளம் தட்டுப்பட்டால் நான்கையும் மாற்றிவிடுவது நல்லது, ஏனென்றால் புதியது ஒன்று மட்டும் பளிச்சென்று ஒலித்து மற்றவற்றை மந்தமாக்கிக் காட்டும். கழற்றியவற்றில் நல்லதைச் சுருட்டி உறைக்குள் வைத்தால் அடுத்த அவசரத்துக்கு ஆகும்.

கட்டும் முறை

நான்கையும் மாற்றுவதானாலும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். பக்கத்துக் கம்பியின் முடிச்சு கண்முன் மாதிரியாக இருக்கும். சாடிலும் இடம் நகராமல் நிற்கும்.

குதிரையில் துளைகள் இருந்தால் அது கட்டும் வகை. கம்பியின் முனையைச் சாடில் பக்கத்திலிருந்து துளைக்குள் விட்டு, பின்பக்கம் ஏழெட்டு சென்டிமீட்டர் வெளியே வரும்படி இழுங்கள். அந்த முனையைக் குதிரையின்மேல் முன்னே கொண்டுவந்து, சாடிலுக்கும் குதிரைக்கும் இடையே கம்பியின் அடியில் நுழைத்து, மறுபடி பின்னே கொண்டுபோய்த் தன் வளையத்துக்குள்ளேயே செருகுங்கள். தடித்த மூன்றாவது கம்பிக்கு ஒரு செருகல் போதும். மெல்லிய முதல் கம்பிக்கு மூன்று தேவை. கடைசிச் செருகல் குதிரையின் பின்முகத்தோடு ஒட்டி, மேல்விளிம்புக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதுதான் இந்த முடிச்சின் உயிர். அங்கே இருந்தால், மாடு இழுக்க இழுக்கத் தும்பு முளைக்குச்சியில் இறுகுவதுபோல், கம்பியின் இழுவையே வால்முனையைக் குதிரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மேல்பக்கத்திலேயே செருகி விட்டுவிட்டால், முறுக்க முறுக்க வால் ஊர்ந்து ஊர்ந்து உள்ளே போய், கடைசியில் முடிச்சு அவிழ்ந்து கம்பி பலகையில் அறையும். வார்னிஷில் விழும் அந்தக் கோடு போகாது; முதல் முறை கட்டுகிறவர்கள் குதிரைக்குப் பின்னே ஒரு அட்டைத் துண்டை வைத்துக்கொள்ளலாம்.

குதிரையில் துளைக்குப் பதில் பிளவுகள் இருந்தால் வேலை எளிது. முனையில் எட்டு வடிவ முடிச்சு ஒன்றைப் போட்டுப் பிளவுக்குள் இறக்கினால் போதும். முதல் கம்பியின் முடிச்சு சிறியதாகி வழுக்கி வெளியே வந்தால், சிறு பாசிமணி ஒன்றைக் கோத்து அதற்குப் பின்னால் முடிச்சிடுங்கள்.

மேல்முனையை முறுக்காணித் துளையில் விடும்போது தண்டுக்கு அப்பால் ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்குத் தளர்வு விட்டால், இரண்டு முதல் இரண்டரைச் சுற்று அமையும். தலைப்பகுதியின் இரு பக்கத்திலும் கம்பி தண்டின் உட்புறமாக வரவேண்டும். முன்புறம் நம்மைப் பார்க்க, தலை மேலே இருக்கும்படி பிடித்தால் இடப்பக்கத் தண்டுகள் கடிகார முள்ளுக்கு எதிராகவும் வலப்பக்கத்தவை முள்ளோடும் சுற்றும். ஒவ்வொரு சுற்றும் முந்தியதற்குக் கீழே, தலைப்பலகையை நோக்கி இறங்க வேண்டும். வால்களை இப்போதே நறுக்காதீர்கள்.

அறிகுறி: சுருதி நிற்கவில்லை

புதுக் கம்பி மாட்டியவர்களிடமிருந்து அதிகம் வரும் முறையீடு இதுதான். மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் காதுக்கு ஒரே மாதிரி தெரியும், ஆகையால் கண்ணால்தான் பிரிக்க வேண்டும். சுருதி சேர்த்தவுடன் குதிரையில் நீட்டிக்கொண்டிருக்கும் வால் முடிச்சைவிட்டு வெளிவரும் இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். முறுக்காணியின் குமிழ் எந்தத் திசையில் நிற்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணி கழித்துச் சுருதி இறங்கியிருந்தால், புள்ளி முடிச்சுக்குள் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் முடிச்சு நழுவுகிறது, மறுபடி கட்ட வேண்டும். புள்ளி அங்கேயே இருந்து குமிழ் திரும்பியிருந்தால் முறுக்காணி வழுக்குகிறது. இரண்டும் அசையவில்லை என்றால் கோளாறே இல்லை. கம்பி நீள்கிறது, அவ்வளவுதான்.

நீள்வதைச் சற்று விரைவுபடுத்தலாம். பன்னிரண்டாம் மெட்டுக்கு மேலே கம்பியை விரல்நுனியால் பிடித்து, பலகையிலிருந்து ஒரு விரற்கடை உயரத்துக்கு மெதுவாகத் தூக்கி விடுங்கள். நான்கைந்து முறை செய்தபின் சுருதி எவ்வளவு இறங்கியது என்று பார்த்து மறுபடி ஏற்றுங்கள். இப்படி ஐந்தாறு சுற்றுகள் செய்தாலும் நைலான் முழுவதும் அடங்க ஒரு வாரம்வரை ஆகும். இன்று கம்பி மாற்றி நாளை பள்ளி ஆண்டுவிழாவில் வாசிப்பது என்ற திட்டத்தைத் தவிர்ப்பது நல்லது.

வழுக்கும் முறுக்காணியின் குமிழ் முனையில் ஒரு சிறு ஸ்க்ரூ இருக்கும். பல்சக்கரம் இல்லாத வகையில் உராய்வைக் கூட்டுவது அதுதான். கால் திருப்பு மட்டும் இறுக்கிப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் ஈரோடு, கரூர்ப் பக்கத்து வறண்ட வெயிலில் மரம் சுருங்குவதால் இந்த முறுக்காணிகள் தளர்வது வழக்கம். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரத்தோடு வீசும்போது பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் அதே முறுக்காணி இறுகிக்கொள்ளும். பருவத்துக்கு ஒருமுறை அந்த ஸ்க்ரூவைத் தொடவேண்டி வந்தால் அதைக் கோளாறாக எண்ண வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் வாத்தியத்தை விட்டுச் செல்வது மட்டும் எந்தப் பருவத்திலும் கூடாது.

அறிகுறி: புதுக் கம்பி கரகரக்கிறது

தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் இடையே ஜீவாளி நூலை வைத்து வேண்டுமென்றே ஒரு ரீங்காரத்தை வரவழைக்கிறோம். இங்கே அது வேண்டாத விருந்தாளி. முதலில் நறுக்காத வால்களை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மீட்டுங்கள். கரகரப்பு நின்றால் வால் பலகையைத் தொட்டு அதிர்கிறது, அதை வளைத்துப் பக்கத்துக் கம்பியின் வளையத்துக்குள் செருகினால் தீர்ந்தது. என் அனுபவத்தில் பாதிக்குமேல் இங்கேயே முடிந்துவிடும்.

நிற்கவில்லை என்றால், எந்த மெட்டையும் அழுத்தாமல் மீட்டும்போது மட்டும் வருகிறதா, குறிப்பிட்ட மெட்டில் மட்டும் வருகிறதா என்று பாருங்கள். அழுத்தாதபோது மட்டும் வந்தால் நட்டின் வெட்டு ஆழமாகிவிட்டது, அல்லது முன்பிருந்ததைவிட மெல்லிய கம்பி அதே வெட்டில் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. வெட்டின் அடியில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வைத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும். ஒரே மெட்டில் வந்தால் அதற்கு அடுத்த மெட்டு எழும்பியிருக்கலாம். அது கம்பி மாற்றியதால் வந்தது கிடையாது, முன்பே இருந்து இப்போது காதில் விழுகிறது.

அறிகுறி: அழுத்தாதபோது சரி, அழுத்தினால் அபஸ்வரம்

பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் வரவேண்டும். ஒரு கம்பியில் மட்டும் வராமல் மற்ற மூன்றிலும் சரியாக இருந்தால், அந்தக் கம்பியின் பருமன் ஒரே சீராக இல்லை. அதைக் கழற்றித் தலைகீழாக மாட்டிப் பார்க்கலாம். சில சமயம் சரியாகும், இல்லாவிட்டால் வேறு கம்பிதான். நான்கிலும் முதல் இரண்டு மெட்டுகளில் மட்டும் சுருதி கூடித் தெரிந்தால் நட் உயரமாக இருக்கிறது அல்லது பிள்ளை விரலை மிகையாக அழுத்துகிறது. இரண்டாவதை முதலில் சந்தேகியுங்கள்.

அறிகுறி: குதிரை எழும்பியிருக்கிறது

ஒரு காகிதத்தின் முனை குதிரையின் பின்விளிம்புக்கு அடியில் நுழைந்தால், கம்பி மாற்றும் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு நான்கையும் தளர்த்திவிடுங்கள். இடைவெளியில் ஃபெவிக்விக்கை ஊற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது, ஊற்றினேன். அந்தப் பசை பழைய பசையின்மேல் கண்ணாடிபோல் உறைந்து நான்கு நாளில் விட்டுப்போனதோடு, பின்னர் ஒழுங்காக ஒட்ட வந்தவர் அதைச் சுரண்டி எடுக்கவே அரை நாள் ஆனது. குதிரையை முழுவதும் கழற்றி, இரு பக்கமும் மரம் தெரியச் சுத்தம் செய்து, மரப்பசையிட்டு, கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுவதும் வைக்க வேண்டிய வேலை அது. வாத்தியம் பழுதுபார்ப்பவர் அருகில் இல்லையென்றால் பொறுமையுள்ள தச்சர் ஒருவரே செய்துவிடுவார். பலகை மெல்லியது, கிளாம்பை மெதுவாக இறுக்கச் சொல்லுங்கள் என்பதை மட்டும் நினைவூட்டினால் போதும்.

எல்லாம் சரியாக இருந்து இரண்டு நாள் சுருதியும் நின்றபின் வால்களை நகவெட்டியால் நறுக்கலாம். குதிரைப் பக்கம் ஒரு சென்டிமீட்டர், முறுக்காணிப் பக்கம் அரை சென்டிமீட்டர் விட்டு நறுக்குங்கள். மெல்லிய நைலானின் வெட்டுமுனை ஊசிபோல் குத்தும். குழந்தை வாசிப்பதானால் அந்த நுனியை உப்புத்தாளில் ஒரு தரம் உரசிவிடுங்கள். சென்னிமலைப் பையனுக்கு அப்படி உரசிக் கொடுத்தபோது, நறுக்கிய துண்டுகளையும் பொறுக்கி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அம்மாயி கேட்பார்களாம்.